அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும்: காட்டுயிர் வாழிடப் பாதுகாப்பின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலக் காட்டுயிர்த் துறைகளின் வருவாயில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களிடமிருந்தும் தூண்டிலில் மீன்பிடிப்போரிடமிருந்தும் வருகிறது. வேட்டை மற்றும் மீன்பிடி உரிமக் கட்டணம் ஒரு வழி. துப்பாக்கி, தோட்டா, வில், தூண்டில் போன்ற கருவிகளின் மீதான கலால் வரி இன்னொரு வழி. இவை தவிர, 'வாத்து முத்திரை' என்னும் வருவாய் முத்திரை மூலம் நடுவண் அரசும் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறது.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே விலங்கைச் சுடுகின்றவரே அந்த விலங்கின் காட்டுக்கும் பணம் தருகிறார் என்பது தமிழ் வாசகருக்கு முரணாகத் தோன்றலாம். இந்த ஏற்பாடு ஏன் உருவானது, எப்படி இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் பணத்துக்கு இணையான இடம் இன்னொன்றுக்கும் உண்டு. அது, பொதுநிலத்துக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் சாதாரண மனிதர் கால்வைக்கும் உரிமை. அந்த உரிமை இல்லாவிட்டால் உரிமம் வாங்க ஆளிருக்காது. உரிமம் வாங்க ஆளில்லாவிட்டால் நிதியும் இருக்காது.

சந்தை வேட்டையின் காலம்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் காட்டுயிர் பெருமளவில் அழிந்ததற்கு முதன்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, காடுகளும் புல்வெளிகளும் உழுநிலமாக மாறியது. மற்றொன்று, சந்தைக்காக நடந்த வேட்டை. இருப்புப்பாதையும் பனிக்கட்டிப் பெட்டியும் வந்தபின், ஒரு மூலையில் சுட்ட பறவையை ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நகரச் சந்தையில் விற்க முடிந்தது. படகில் பொருத்திய பெருந்துப்பாக்கியால் ஒரே வெடியில் பல வாத்துகளை வீழ்த்துவது தொழிலாக இருந்தது. பெண்களின் தொப்பிகளுக்கு இறகு தேவைப்பட்டதால் வெண்கொக்குகள் கூடு கட்டும் இடத்திலேயே கொல்லப்பட்டன.

மேற்குப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருதுகள், தோலுக்காகச் சுடப்பட்டு, 1880களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கின. அவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களின் வாழ்வும் அவற்றோடு சிதைந்தது. வானத்தை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை, 'மார்த்தா' என்று பெயரிடப்பட்டது, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது.

காட்டுயிர் யாருடைய சொத்து?

இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி வேட்டை விலங்கு மன்னருக்கும் நிலப்பிரபுவுக்கும் உரியது. ஏழை ஒருவர் முயல் பிடித்தால் அது திருட்டு. அமெரிக்கா வேறு வழியில் சென்றது. இதற்கு அடித்தளமிட்டது 1842ஆம் ஆண்டின் 'மார்ட்டின் எதிர் வாடெல்' வழக்கு. நியூஜெர்சி மாநிலத்தின் ரரிட்டன் ஆற்றுப் பகுதியில் நீரடியில் கிடந்த சிப்பிப் படுகை தமக்கே உரியது என்று ஒரு நில உரிமையாளர் தரப்பு வாதிட்டது. ஆங்கில மன்னர் காலத்து நிலக்கொடையை அது சான்றாகக் காட்டியது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இத்தகைய நீர்ப்பரப்பும் அதன் அடிநிலமும் மக்களுக்கான பொது அறக்கட்டளைச் சொத்து என்றும், விடுதலைக்குப் பின் அது மாநில மக்களிடம் வந்துவிட்டது என்றும் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து வளர்ந்த கோட்பாடு எளிமையானது. மான் யாருடைய வயலில் நின்றாலும் அது வயல்காரரின் மான் அல்ல. மக்கள் அனைவருக்கும் உரியது. அரசு அதன் காப்பாளர் மட்டுமே. ஆனால் நிலம் தனியாருடையதாக இருந்தால், உள்ளே வர வேண்டாம் என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. விலங்கு பொது, வாசல் தனியார் என்ற இந்த இழுபறி இன்றுவரை தொடர்கிறது.

முதல் சங்கங்களும் முதல் சட்டங்களும்

சந்தை வேட்டைக்கு எதிராக முதலில் குரல் எழுப்பியவர்களில் பலர் பொழுதுபோக்காக வேட்டையாடியவர்களே. 1873இல் தொடங்கிய 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழ் அவர்களின் மேடையானது. அதன் ஆசிரியராக விளங்கிய ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல், 1886இல் முதல் ஆடுபான் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் இணைந்து 'பூன் அண்ட் குரோக்கெட்' மன்றத்தை அமைத்தார். சந்தைக்காகக் கொல்வது தவறு, தப்பிக்க வாய்ப்பில்லாத விலங்கைக் கொல்வது இழிவு, இனப்பெருக்கக் காலத்தில் வேட்டை கூடாது என்பன இவர்கள் பரப்பிய கருத்துகள்.

1872இல் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விலங்குகளைக் கொல்வதற்குத் தக்க தண்டனை நெடுங்காலம் இல்லை. 1894இல் அங்கே பைசன்களைச் சுட்ட ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டும், அவரைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமல் போனது. கிரின்னெலின் இதழ் இச்செய்தியை நாடறியச் செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பூங்கா விலங்குகளைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த அயோவா மாநில உறுப்பினர் ஜான் லேசியின் பெயராலேயே 1900ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் வழங்குகிறது. ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்புவதை லேசி சட்டம் நாடளாவிய குற்றமாக்கியது. சந்தை வேட்டையின் வேரை அறுத்த சட்டம் இதுவே.

1901 முதல் 1909 வரை குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட், 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார். கூழைக்கடாக்கள் வாழ்ந்த அந்தச் சிறு தீவே இன்றைய தேசியக் காட்டுயிர்ப் புகலிட அமைப்பின் தொடக்கம். அவர் காலத்தில் காடு, பூங்கா, புகலிடம், நினைவிடம் எனச் சுமார் 23 கோடி ஏக்கர் பொதுநிலம் பாதுகாப்புக்குள் வந்தது. இன்று அமெரிக்க வேட்டைக்காரர் பலரும் இலவசமாக நுழையும் தேசியக் காடுகளில் பெரும்பகுதி அப்போது ஒதுக்கப்பட்டதே.

ஆற்றுக்காக எழுந்த தூண்டில்காரர்கள்

மீன்பிடிப்போரின் பங்கு பெரும்பாலும் நீரைப் பற்றியது. 1922இல் சிகாகோவில் 54 பேர் கூடி 'ஐசக் வால்டன் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 17ஆம் நூற்றாண்டில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயரின் பெயர் அது. தொழிற்சாலைக் கழிவும் நகரச் சாக்கடையும் ஆறுகளைக் கெடுத்துவந்த காலம் அது.

மேல் மிசிசிப்பி ஆற்றின் வெள்ளச் சமவெளிகளை வடித்து விளைநிலமாக்கும் திட்டங்கள் அப்போது பேசப்பட்டன. அந்தத் தேங்குநீர்ப் பகுதிகள்தாம் மீன் குஞ்சுகளின் வளர்ப்பிடம். வாத்துகளின் தங்கிடமும் அவையே. சங்கம் மக்களைத் திரட்டி நாடாளுமன்றத்தை வலியுறுத்தியதன் பயனாக, 1924இல் மேல் மிசிசிப்பி காட்டுயிர் மற்றும் மீன் புகலிடம் உருவானது. ஆற்றின் நீளத்தில் 250 மைலுக்கு மேல் அது பரவியிருக்கிறது. 1927இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜின் வேண்டுகோளின்படி, நாட்டின் நீர் மாசு நிலையைப் பற்றிய முதல் தேசியக் கணக்கெடுப்பையும் இந்தச் சங்கமே செய்தது.

வாத்து முத்திரை

1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. 1918இல் அதற்கான சட்டமும் வந்தது. சுடக்கூடாது என்று சட்டம் சொன்னதே தவிர, பறவை இறங்கக் குளம் வேண்டுமே என்பதற்கு விடை தரவில்லை. 1929இல் புகலிடங்கள் வாங்க ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் அதற்கு நிலையான நிதி ஒதுக்கப்படவில்லை. 1930களின் கடும் வறட்சியில் நடுமேற்கின் குளங்கள் வற்றின. ஏற்கெனவே வடிக்கப்பட்டிருந்த சதுப்புகளோடு இதுவும் சேர, வாத்துகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.

1934 மார்ச் 16 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வலசைப் பறவை வேட்டை முத்திரைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இதன்படி 16 வயது நிறைந்த நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும், மாநில உரிமத்தோடு இந்த முத்திரையையும் ஆண்டுதோறும் வாங்க வேண்டும். இதற்குப் பெரிதும் உழைத்தவர் ஜே நார்வுட் டார்லிங். 'டிங்' என்ற பெயரில் செய்தித்தாளில் கேலிச்சித்திரம் வரைந்து புலிட்சர் பரிசு பெற்ற அவர் ஒரு வேட்டைக்காரரும்கூட. அவ்வாண்டு அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான அவர், முதல் முத்திரையின் படத்தையும் தாமே வரைந்தார். சதுப்பில் இறங்கும் இரு வாத்துகளைக் காட்டிய அந்த முத்திரையின் விலை 1 டாலர். முதல் ஆண்டில் 6 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்று அதன் விலை 25 டாலர். செலுத்தும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் வாழிடத்துக்குச் செல்கிறது. தொடங்கிய நாள் முதல் 100 கோடி டாலருக்கு மேல் திரண்டு, சுமார் 60 லட்சம் ஏக்கர் வாழிடம் பாதுகாக்கப்பட்டுள்ளது. முத்திரைக்கான ஓவியம் ஆண்டுதோறும் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. முத்திரை சேகரிப்போரும் பறவை நோக்குவோரும்கூட இதை வாங்குகின்றனர். நுழைவுக் கட்டணம் உள்ள தேசியப் புகலிடங்களில் இதைக் காட்டினால் கட்டணம் இல்லை.

1958இல் சட்டம் திருத்தப்பட்டு, புல்வெளிகளிலுள்ள சிறு குட்டைகளையும் வாங்க வழி பிறந்தது. வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் பனியாறுகள் விட்டுச்சென்ற இந்தக் குட்டைகளே வட அமெரிக்க வாத்துகளின் முதன்மையான இனப்பெருக்க இடம். இப்படி வாங்கிய நிலங்கள் பொதுவாக வேட்டைக்கும் பறவை நோக்கலுக்கும் மக்களுக்குத் திறந்தே உள்ளன.

பிட்மன்–ராபர்ட்சன் சட்டம்

மாநிலங்கள் வேட்டை உரிமக் கட்டணம் வசூலித்தாலும், அந்தப் பணம் சாலைக்கும் பிற செலவுகளுக்கும் திருப்பிவிடப்படுவது உண்டு. டார்லிங்கின் முயற்சியால் 1936இல் வாஷிங்டனில் கூடிய காட்டுயிர் மாநாட்டில் இதற்குத் தீர்வு தேடப்பட்டது. துப்பாக்கி, தோட்டா மீது ஏற்கெனவே கலால் வரி இருந்தது. அதைக் கைவிடச் சொல்லிக் கேட்பதற்குப் பதிலாக, அதைக் காட்டுயிருக்கே ஒதுக்கச் சொல்லிக் கேட்டனர் வேட்டைக்காரர்களும் பாதுகாப்பு அமைப்புகளும். கார்ல் ஷூமேக்கர் வரைவை எழுதினார். நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சன் ஆகியோர் அதை முன்மொழிந்தனர். 1937 செப்டம்பர் 2 அன்று அது சட்டமானது.

இச்சட்டம் இயங்கும் முறை பின்வருமாறு:

உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் வரியைச் செலுத்துகிறார். இன்று நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு. 1970களின் தொடக்கத்தில் கைத்துப்பாக்கியும் வில்–அம்புக் கருவிகளும் இதில் சேர்க்கப்பட்டன.

நடுவண் அரசின் மீன் மற்றும் காட்டுயிர்ச் சேவை இப்பணத்தை மாநிலங்களுக்குப் பகிர்கிறது. பாதிப் பங்கு நிலப்பரப்பைப் பொறுத்தும், மீதிப் பாதி உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கணக்கிடப்படுகிறது.

ஒரு திட்டத்தின் செலவில் 75 விழுக்காடுவரை இந்நிதியிலிருந்து கிடைக்கும். மீதி 25 விழுக்காட்டை மாநிலம் போட வேண்டும். அது பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று உண்டு. உரிமக் கட்டணத்தை மாநிலக் காட்டுயிர்த் துறையின் பணிகளைத் தவிர வேறெதற்கும் செலவிட மாட்டோம் என்று மாநிலம் தன் சட்டமன்றத்தில் சட்டம் இயற்ற வேண்டும். மீறினால் இந்த நிதி நின்றுபோகும்.

கடைசி நிபந்தனைதான் இச்சட்டத்தின் உயிர்நாடி. ஆட்சி மாறினாலும் வரவுசெலவுத் திட்டத்தில் நெருக்கடி வந்தாலும், காட்டுயிர்ப் பணத்தில் கைவைக்க மாநில அரசுகள் தயங்கியதற்கு இதுவே காரணம். அண்மை ஆண்டுகளில் இவ்வரி ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் ஈட்டுகிறது.

டிங்கல்–ஜான்சன் சட்டம்

இதே முறையை மீனுக்கும் கொண்டுவந்தது 1950ஆம் ஆண்டுச் சட்டம். மிச்சிகனின் ஜான் டிங்கல், கொலராடோவின் எட்வின் ஜான்சன் ஆகியோர் பெயரால் அது வழங்குகிறது. தூண்டில் கோல், சுருள், செயற்கை இரை முதலியவற்றின் மீது 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டு, மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குத் தரப்பட்டது. 1984இல் வந்த வாலப்–புரோ திருத்தம் மேலும் பல கருவிகளைச் சேர்த்தது. விசைப்படகு எரிபொருள் வரியின் ஒரு பங்கையும் இந்நிதியில் இணைத்தது.

இதில் பொது அணுகல் நேரடியாகவே எழுதப்பட்டுள்ளது. நிதியில் குறைந்தது 15 விழுக்காடு படகு இறக்கும் சாய்தளம், படித்துறை, வண்டி நிறுத்தம் போன்றவற்றுக்குச் செலவாக வேண்டும். ஏரிக்கரையில் வீடு வாங்க முடியாத தொழிலாளியும் தன் சிறு படகை அதே ஏரியில் இறக்க முடிவது இதனால்தான்.

மீண்டு வந்த உயிரினங்கள்

வெள்ளைவால் மான் 1900ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 5 லட்சமாகக் குறைந்திருந்ததாகக் கணிக்கப்படுகிறது. இன்று அது சுமார் 3 கோடி. கூட்டுப் பொந்துள்ள பழமரங்கள் வெட்டப்பட்டதாலும் வேட்டையாலும் அருகிப்போன மரவாத்து, வேட்டைத் தடையாலும், தன்னார்வலர் நட்ட கூட்டுப்பெட்டிகளாலும் மீண்டது. எல்க் மானும் பிராங்ஹார்ன் என்னும் புல்வெளி விலங்கும் பல மாநிலங்களில் மறுபடி பெருகின.

காட்டு வான்கோழியின் வரலாறு தனிப் பாடமாகும். முதலில் மாநிலங்கள் பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டன. தாயிடம் பயிலாத அந்தப் பறவைகள் நரிக்கும் குளிருக்கும் இரையாயின. 1950களில் வெடிமருந்தின் விசையால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே கூட்டமாகப் பிடிக்கும் முறை பரவியது. பிடித்த பறவைகளை, வான்கோழி அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டனர். அவை நிலைத்துப் பெருகின. சுமார் 2 லட்சமாகச் சுருங்கியிருந்த இனம் பல லட்சமாக உயர்ந்தது. இத்தகைய ஆய்வு, பிடிப்பு, இடமாற்றம் ஆகியவற்றுக்குப் பிட்மன்–ராபர்ட்சன் பணம் பெரிதும் உதவியது.

இந்த மீட்சிக்கு அறிவியல் அடித்தளம் தந்தவர் ஆல்டோ லியோபோல்ட். அவர் 1933இல் வெளியிட்ட 'கேம் மேனேஜ்மென்ட்' நூல் இத்துறையின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. வேட்டைக்காரரான அவர், இளமையில் மான் பெருக வேண்டும் என்று ஓநாயைக் கொல்வதை ஆதரித்தவர். இரைகொல்லி இல்லாத மலையில் மான் பெருகிச் செடிகொடிகளையெல்லாம் மேய்ந்து தீர்ப்பதைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரு விலங்கை மட்டும் காப்பது பாதுகாப்பு ஆகாது. நிலம் முழுவதையும் காக்க வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

தன்னார்வ அமைப்புகள்

சட்டத்தின் கட்டாயத்தால் வரும் பணத்தோடு, விருப்பத்தால் தரும் பணமும் உண்டு. 1937இல் தொடங்கிய 'டக்ஸ் அன்லிமிடெட்', வாத்துகள் முட்டையிடும் கனடாவின் புல்வெளிகளில் அமெரிக்க வேட்டைக்காரரின் நன்கொடையைச் செலவிட்டது. வட அமெரிக்கா முழுவதும் 1.5 கோடி ஏக்கருக்கு மேல் அதன் பணி பரவியுள்ளது. 1959இல் மிச்சிகனின் ஆசேபிள் ஆற்றங்கரையில் தூண்டில்காரர் சிலர் தொடங்கிய 'டிரவுட் அன்லிமிடெட்', பண்ணை மீனைக் கொட்டுவதைவிட ஆற்றைச் சீர்செய்வதே வழி என்றது. 1984இல் மொன்டானாவில் பிறந்த 'ராக்கி மவுண்டன் எல்க் ஃபவுண்டேஷன்' எல்க் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலங்களை வாங்கி அரசிடம் ஒப்படைத்தது. 2004இல் ஓரிகனில் உருவான 'பேக்கன்ட்ரி ஹன்டர்ஸ் அண்ட் ஆங்லர்ஸ்' அமைப்பு பொதுநிலத்தைக் காப்பதையும் அதற்குள் செல்லும் உரிமையையும் முதன்மைப் பணியாகக் கொண்டது.

உள்ளே செல்லும் உரிமை

அமெரிக்காவில் நடுவண் அரசின் நிலம் சுமார் 64 கோடி ஏக்கர். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் உள்ளது. ஆனால் வரைபடத்தில் பொது என்று காட்டப்படும் நிலமெல்லாம் சென்றடையக் கூடியதல்ல.

ஆறுகளில் இந்தச் சிக்கல் மொன்டானாவில் தீர்க்கப்பட்டது. கரை நிலம் தம்முடையது என்பதால் ஆற்றிலும் யாரும் இறங்கக் கூடாது என்று நில உரிமையாளர்கள் தடுத்தனர். தூண்டில்காரர்களும் படகோட்டிகளும் கூட்டணி அமைத்து வழக்காடினர். பொழுதுபோக்குக்குப் பயன்படும் நீரில் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985ஆம் ஆண்டின் நீரோடை அணுகல் சட்டம் இதை உறுதிசெய்தது. பாலம் போன்ற பொது வழியாக ஆற்றில் இறங்கியவர், வழக்கமான உயர்நீர்க் குறிவரை நடந்து மீன்பிடிக்கலாம். கரைமேல் ஏறி வயலைக் கடக்கத்தான் அனுமதி வேண்டும்.

நிலத்தில் சிக்கல் இன்னும் கடினமானது. 1862 முதல் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு மானியமாக, பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாக 640 ஏக்கர் சதுரங்கள் தரப்பட்டன. விளைவு, சதுரங்கப் பலகை போன்ற நிலம்: கறுப்புக் கட்டம் தனியாருக்கு, வெள்ளைக் கட்டம் அரசுக்கு. ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு மூலை வழியாக மட்டுமே போக முடியும். நாலு கட்டமும் சந்திக்கும் அந்தப் புள்ளியில் காலை எடுத்து வைக்கும்போது உடல் தனியார் நிலத்தின் வான்வெளியைத் தொடும். இதுபோன்ற காரணங்களால் மேற்கு மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நடுவண் அரசு நிலம் சட்டப்படியான வழியின்றி அடைபட்டிருப்பதாக, வேட்டை–மீன்பிடி ஆர்வலர் அமைப்பு ஒன்றும் வரைபட நிறுவனம் ஒன்றும் சேர்ந்து செய்த 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

2021இல் மிசூரியிலிருந்து வயோமிங்கின் எல்க் மலைக்கு வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால்படாமல் ஏணி வைத்து மூலையைக் கடந்தனர். அத்துமீறி நுழைந்ததாக அவர்கள் மீது குற்றவழக்கு தொடரப்பட்டது. 2022இல் நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. நில உரிமையாளர் தரப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று உரிமையியல் வழக்கும் தொடுத்தது. வேட்டைக்காரர் அமைப்புகள் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டின. பொதுநிலத்தை அடைத்து வைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, 2023இல் மாவட்ட நீதிமன்றமும் 2025 மார்ச்சில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தன. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. ஆகவே வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ முதலிய ஆறு மாநிலங்களில் இத்தீர்ப்பு நிற்கிறது. அவ்வட்டாரத்துக்கு வெளியே உள்ள மொன்டானா போன்ற மாநிலங்களை இது கட்டுப்படுத்தாது.

வழக்கில்லாத வழிகளும் உண்டு. மொன்டானாவின் 'பிளாக் மேனேஜ்மென்ட்' திட்டத்தில், தம் நிலத்தில் பொதுமக்களை வேட்டையாட விடும் உழவருக்கு உரிமக் கட்டண நிதியிலிருந்து தொகை தரப்படுகிறது. 1964இல் தொடங்கிய நில–நீர்ப் பாதுகாப்பு நிதியம், கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர்வரை பெற வேண்டியது. பல ஆண்டுகள் அப்பணம் முழுமையாக ஒதுக்கப்படவில்லை. 2019இல் அந்நிதியம் நிரந்தரமாக்கப்பட்டது. வேட்டை, மீன்பிடி போன்றவற்றுக்கான வழிகளைத் திறக்க ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த டிங்கலின் மகனுடையது. 2020இல் முழுத்தொகையும் ஆண்டுதோறும் கிடைக்க வழிசெய்யப்பட்டது.

பொதுநிலத்தை விற்கும் முயற்சி எழும்போதெல்லாம் வேட்டைக்காரர்களின் எதிர்ப்பு கட்சி வேறுபாட்டைக் கடந்தது. 2017இல் சுமார் 33 லட்சம் ஏக்கரை விற்க முன்மொழிந்த மசோதா சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூனில் செனட்டில் வந்த விற்பனை முன்மொழிவும் அவ்வாறே கைவிடப்பட்டது.

குறைகளும் விமர்சனங்களும்

இந்த வரலாறு முழுவதும் புகழுக்குரியதல்ல. தொடக்ககாலச் சட்டங்கள் வசதியுள்ளவரின் பார்வையில் எழுதப்பட்டன. உணவுக்காக வேட்டையாடிய ஏழைகளும் பழங்குடியினரும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் வேட்டையாடுவதைத் தடுக்கும் பென்சில்வேனியச் சட்டம் ஒன்றை 1914இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. உடன்படிக்கைகள் உறுதியளித்த மீன்பிடி உரிமைக்காகப் பழங்குடியினர் நெடுங்காலம் போராடினர். வாஷிங்டன் மாநிலத்தில் அறுவடைக்குரிய மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்ற தீர்ப்பு 1974இல்தான் வந்தது.

வேட்டைக்காரர்கள் எல்லாச் சீர்திருத்தத்தையும் வரவேற்றதுமில்லை. சதுப்பில் விழும் ஈயக் குண்டுகளை விழுங்கி வாத்துகள் நஞ்சேறி இறப்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், மாற்றுக் குண்டுக்கு எதிர்ப்பு இருந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது 1991இல்தான்.

பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கவனமும் செல்கிறது என்பது இன்னொரு குறை. மானுக்கும் வாத்துக்கும் டிரவுட் மீனுக்கும் கிடைக்கும் நிதி, யாரும் வேட்டையாடாத தவளைக்கும் பாட்டுப் பறவைக்கும் எளிதில் கிடைப்பதில்லை. துப்பாக்கி வரியில் ஒரு பெரும்பங்கு, தற்காப்புக்காகவும் இலக்குப் பயிற்சிக்காகவும் வாங்குவோரிடமிருந்து வருகிறது. அவர்கள் காட்டையே பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. எனவே முழுப் பெருமையும் வேட்டைக்காரருக்கே என்று சொல்வதும் பொருந்தாது.

யார் பணம் தருவது?

அரசின் தேசிய ஆய்வுகளின்படி, 1991இல் 1.41 கோடியாக இருந்த வேட்டைக்காரர் எண்ணிக்கை 2016இல் 1.15 கோடியாகக் குறைந்தது. நாட்டின் மக்கள்தொகையோ அதே காலத்தில் பெருகியது. பறவை நோக்குவோரும் காட்டில் நடப்போரும் பன்மடங்கு உள்ளனர். ஆனால் அவர்களிடமிருந்து காட்டுயிர்த் துறைக்கு வரும் நேரடி வருவாய் மிகக் குறைவு. தொலைநோக்கி, முதுகுப்பை போன்றவற்றின் மீதும் வரி விதிக்கலாம் என்று 1990களில் எழுந்த யோசனை உற்பத்தியாளர்களின் எதிர்ப்பால் நின்றது. எல்லா உயிரினங்களுக்கும் ஆண்டுக்கு 130 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கும் மசோதா 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டில் நிறைவேறவில்லை.

மாற்று வழி இருக்கிறது என்பதற்கு மிசூரி சான்று. 1976இல் அம்மாநில மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 8 டாலர் பொருளுக்கு 1 சென்ட், காட்டுயிர்ப் பணிக்கு என்று முடிவு செய்தனர். அங்கே உரிமம் வாங்குபவர் மட்டுமல்ல, கடையில் பொருள் வாங்கும் அனைவருமே காட்டுக்குப் பங்களிக்கின்றனர். ஆர்கன்சா 1996இல் இதைப் பின்பற்றியது. பெரும்பாலான மாநிலங்கள் இன்னும் 1937ஆம் ஆண்டின் வழியிலேயே செல்கின்றன. காட்டுயிர் மக்கள் அனைவரின் சொத்து என்று 1842இல் தொடங்கிய கோட்பாடு அங்கே சட்டத்தில் முழுமையாக இருக்கிறது. அச்சொத்தைப் பேணும் செலவை மட்டும் மக்களில் ஒரு பகுதியினரே சுமக்கின்றனர்.